நானூற்றுப் பன்னிரண்டாவது படம்

நானூற்றுப் பன்னிரண்டில் நின்றுபோகிறது.
மொத்தம் எழுநூற்று ஆறு.
அக்டோபரில் சதுப்பு நிலத்தின் மேல்
ட்ரோனை ஏவி ஹெலெ எடுத்தவை.
எல்லாவற்றையும் ஒட்டி ஒரே வரைபடமாக்க வேண்டும்.
ராத்திரிக்கு ராத்திரி அதே இடம்:
பாதிக் குட்டை, மூன்று பைன் மரம்,
பிறகு சுழலும் வட்டம்.

பதினாறு ஜிபி. பசிக்குப் பொரி.

இந்தப் பெட்டியைக் கட்டியவன் நான்தான்,
ஐந்து வருஷம் முன்பு, இதே சமையலறை மேஜையில்,
கம்பளிக் காலுறையைக் கழற்றிவிட்டு
ரேடியேட்டரைத் தொட்டுத் தொட்டு.
பக்கத் தகட்டைத் திறக்கிறேன்.
தூசி, பூனை முடி, நான்கு பள்ளம்.
இரண்டில் ஆள் இருக்கிறது.

காலி இடம் ஆசை காட்டும்.
ரயிலடியில் ப்ரீத் என்று ஒருவன் விற்கிறான்:
மூடிப்போன பல் ஆஸ்பத்திரியின் கணினிகளில்
பிடுங்கியவை, எட்டும் எட்டும்,
ஜோடி பதினெட்டு யூரோ.
வேறு கம்பெனி, வேறு வேகம்.
"ஓடும்" என்றான் போனில்.
ஓடும்தான்.
வேகமானது மெதுவானதன் நடைக்கு இறங்கிவரும்.
மந்தமானவன் வைத்ததே சட்டம்.

அல்லது புதுசு. பதினாறும் பதினாறும்,
ஒரே பொட்டலத்தில் பிறந்த ஜோடி.
எழுபத்தொன்பது யூரோ.
ஜனவரியில் தார்த்து நகரத்தில்
அது வீட்டைச் சூடாக்கும் பில்லில் பாதி.

பழைய உறையின் முதுகில் கட்டம் போட்டேன்.
இந்தப் பக்கம் மெகாஹெர்ட்ஸ்,
அந்தப் பக்கம் தாமதம்.
ஹெலெ எட்டிப் பார்த்தாள்.
"பெரிய எண் நல்லதா, சின்ன எண்ணா?"
இது பெரிதாக, அது சிறிதாக.
"படம் ஒட்டுமா, ஒட்டாதா?"
உறையை மடித்துவிட்டேன்.

உள்ளூர ஒன்றின் மேல் கண்.
கறுப்புக் கவசம், உச்சியில் சிவப்பு வெளிச்சம்,
சேவல் கொண்டை மாதிரி.
அடிக்கோலை எடுத்துக் குளிர்விப்பானின் கீழே நுழைத்தேன்.
முப்பத்து நான்கு மில்லிமீட்டர்.
கொண்டைக்கு நாற்பத்து நான்கு.
பத்து மில்லிமீட்டரில் முடிந்தது காதல்.
மொட்டையாக இருந்ததை வாங்கினேன்.

இரண்டாவது பள்ளம், நான்காவது பள்ளம்.
ஒரு முனை டக் என்றது.
மறுமுனைக்குப் பலகையே வளையும் அளவு அழுத்தினேன்,
மூச்சை விடாமல்.
டக்.

மின்விசிறிகள் சுற்றுகின்றன. திரை இருட்டு.
ஹெலெ கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.
"செத்துப்போச்சா?"
பழகிக்கொள்கிறது, என்றேன்.
புதுசாய் வந்தவர்களை ஒவ்வொரு கம்பியாய் விசாரிக்கும்.
நம்பிச் சொல்லவில்லை.
எழுபது வரை எண்ணினேன்.
எழுத்து முளைத்தது: முப்பத்திரண்டு.

அதோடு விட்டிருக்கலாம்.
கழற்றிய பழைய இரண்டும் மேஜையில் கிடந்தன,
காலிப் பள்ளமும் இரண்டு.
நாற்பத்தெட்டு என்று ஒரு பேராசை.
செருகிவிட்டுச் சோதனையை ஓடவிட்டேன்.
மூன்று மணிக்கு ஒரு சிவப்பு வரி.
மூன்றரைக்குள் திரை முழுக்க அம்மை.
எழுந்து, பேசாமல், பிடுங்கினேன்.
அவை இப்போது முட்டை அட்டைக்குள்.

மறுநாள் மாலை நானூற்றுப் பன்னிரண்டு தாண்டியது.
குட்டையின் மறுபாதி வந்தது.
பிறகு சதுப்பின் குறுக்கே மரப்பலகைப் பாதை.
அதன் மேல் இரண்டு புள்ளி:
முன்னால் ஆரஞ்சு, தூரத்தில் நீலம்.
நீலம் என் ஜாக்கெட்.
இடுப்பு வலி அன்று கூடுதல்.
ஹெலெ இரண்டுக்கும் நடுவே கோடு இழுத்தாள்,
வேலைப் பழக்கத்தில்.
நாற்பத்தொரு மீட்டர்.

அடுத்த படத்தில் முப்பது.
அதற்கடுத்ததில் இருபத்திரண்டு.
ஆரஞ்சுப் புள்ளி
அதே பலகையில்.