சான்றுப்பொருள் இரண்டு

காற்றுப்போன பின்சில்லோடு
கொடிகாமச் சந்தியில், என் கடை வாசலில்
வந்து நின்றது பட்டா.
பின்னே இரண்டு நாம்பன்.
நிஸ்தார் கேளாமலே எடுத்துக் காட்டினான்:
கிராம அலுவலர் கடிதம், மிருக வைத்தியர் கையொப்பம், பேர்மிட்.
எனக்கெதற்குத் தம்பி,
நான் டயர் ஒட்டுகிறவன்.

நாலாவது நட்டில் இருந்தேன்.
ஏழு மோட்டார் சைக்கிள்கள் வந்து வளைத்தன.
நெற்றி நிறையத் திருநீறு.
காலையில் நான் பூசியதும்
அதே கோயில் திருநீறுதான்.
அவன் கடிதங்களை நீட்டினான்.
வாசிக்க ஒருவருக்கும் நேரமில்லை.
கஜரூபன் என் பக்கம் கையை நீட்டினான்
(மூன்று பஞ்சர் கடன் என் கொப்பியில்).
அடுத்த கணம் என் கை வெறுங்கை.

முழங்கை உடையும் சத்தம்
டயர் வெடிப்பதுபோல் இல்லை.
பேனா மூடி கழன்றதுபோல, அவ்வளவுதான்.

அரோகரா சொன்னார்கள்,
படம் எடுத்தார்கள், போனார்கள்.
வெயிலில் நின்ற மாடுகளுக்கு
ஒருவரும் தண்ணி வைக்கவில்லை.
ரியூப் அமத்தும் பேசினைத் தூக்கி வைத்தேன்.
கிறீஸ் மணத்தோடு குடித்தன.

பொலிசில் தமிழில் சொன்னேன்.
சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதினார்.
எனக்கு வாசிக்கத் தெரியாத என் வாக்குமூலத்தில்
கையெழுத்து வைத்தேன்.

இடையில் தர்மகர்த்தா இரண்டு தரம் வீட்டுக்கு வந்தார்.
"இறைச்சிக்குத்தானே கொண்டு போனவன்?"
இறைச்சிக்கென்றே வையுங்கோ,
ஒருத்தன்ரை கையை உடைக்கிற பேர்மிட்
எந்தக் கந்தோரில் குடுக்கினம்
என்று கேட்க வாயெடுத்தேன்.
தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ என்றேன்.

சாவகச்சேரி நீதிமன்றம், பதினோராம் தவணை.
பொலித்தீன் பைக்குள் என் வீல் ஸ்பனர்,
சிவப்பு நூலில் இலக்க அட்டை.
எதிரிக் கூண்டில் கஜரூபன், வெள்ளைச் சேட்டு.
பின்வாங்கில் நிஸ்தார்
வலக்கையை இடக்கையால் தூக்கி
மடியில் வைக்கிறான்.

அவர்களின் சட்டத்தரணி கேட்கிறார்:
"ஸ்பனரைப் பறித்தார்களா, நீர் கொடுத்தீரா?"

இத்தனை தவணையும்
இந்தக் கேள்வி வராமல் போகட்டும் என்றுதான்
சைக்கிளில் வந்துபோனேன்.

ஓட்டை தெரியாத ரியூப்பைத்
தண்ணிக்குள் அமத்தினால்
முதலில் ஒன்றும் வராது.
பிடித்துக்கொண்டிருக்க வேணும்.
மற்றப் பக்கம் திருப்ப வேணும்.
அப்போதுதான் வரும்
ஒரேயொரு குமிழ்.

"நான்தான் குடுத்தனான், ஐயா."

தட்டச்சு ஓடத் தொடங்கியது.