பனிப்பூச்சி வாரம்

அக்டோபர் கடைசி. மாலை நாலே கால்.
சப்போரோவில் அதற்குள் தெருவிளக்கு எரிகிறது.
பெட்ரோல் பங்க்கின் பின்பக்கம்
ஜாக்கியில் நிற்கும் வேனுக்கு அடியிலிருந்து
நிமிர்கிறேன்.
நீலச் சட்டையின் கைமடிப்பில்
ஒரு பொட்டுப் பஞ்சு.
ஊதினேன். போகவில்லை.
அதற்குக் கால்கள் இருந்தன.

வந்தாச்சு, என்றேன்.
எது என்று யாரும் கேட்கவில்லை.
முதலாளி கோமுகாய் உள்ளே போய்
தொலைபேசியை மேசை நடுவில் நகர்த்தி வைத்தார்.

பனிப்பூச்சி பறந்தால் பத்து நாளில் பனி,
இங்கே எல்லாரும் சொல்வது.
டிவியில் வரைபடம் காட்டுகிறார்கள்,
சனங்களோ தலைமுடியைத் தட்டிப் பார்த்துவிட்டு
எங்களுக்குப் போன் போடுகிறார்கள்.
காலை ஏழுக்கே வரிசை
ராமென் கடை தாண்டி நிற்கிறது.
குளிர்கால டயர் மாட்ட வேண்டும்,
எல்லாருக்கும், இன்றைக்கே.

கழற்றிய டயர்களின் பள்ளங்களைக்
கொக்கியால் கிண்டிச் சுத்தம் செய்வது என் பங்கு.
காலை முதல் இரவு வரை கூரைக்குக் கீழே இருப்பவள்,
கோடை எப்படிப் போனதென்று
அங்கேதான் படிக்கிறேன்.
கடல்மணல் என்றால் ஜூலை,
குழந்தைகளோடு இஷிகாரிக்குப் போயிருக்கிறார்கள்.
கருத்து இறுகிய செம்மண், யாரோ உருளைக்கிழங்கு வாங்க
வயல் வரைக்கும் போனது.
பூ எதுவும் தங்குவதில்லை.
லைலாக் பூத்ததாம். நம்புகிறேன்.

டாக்ஸி ஓட்டும் தோய்தாவின் முன் இடது டயரில் மட்டும்
வருஷா வருஷம் அக்ரூட் ஓடு.
ஆஸ்பத்திரி சிக்னலில் ஒரு காகம்
சிவப்பு விழுந்ததும் இறங்கி
காயை வைத்துவிட்டு ஒதுங்குமாம்.
"சரியாக ஏற்றாவிட்டால் திட்டும்" என்கிறார்.
அவர் மீட்டரில் ஏறாத சவாரி அது.

மூன்றாம் நாள் கியான் என்று ஒரு பையன்,
நஹாவிலிருந்து மாற்றலாகி வந்தவன்,
சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் சட்டை.
"எங்கே எரிகிறது, இவ்வளவு சாம்பல்?"
பூச்சி என்றதும் ஒன்றைப் பிடித்துப்
பத்திரமாகக் கை மூடிக்கொண்டான்.
திறந்தபோது அது அசையவில்லை.
நம் கைச்சூடே அதற்கு அதிகம் என்றேன்.
அவன் உள்ளங்கையை என்ன செய்வதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றான்.
பிறகு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து,
காய்ந்த புல்லில் வைத்துவிட்டு
லேசாகத் தலை வணங்கினான்.

பத்தாம் நாள் பனி இல்லை.
பதினொன்று, வெயில்.
வறண்ட தாரில் குளிர்கால டயர்
வீணாகத் தேய்கிறதென்று
ஒரு பல் டாக்டர் போனில் கத்தினார்.
"பூச்சியிடம் சொல்கிறேன்" என்றார் கோமுகாய்,
வைத்த பிறகு.
வரிசை இல்லை. கூரைக்கு வெளியே வந்து நின்றேன்.
எதிர்ச் சுவரோரம் ஒரே ஒரு பூச்சி,
முழங்கால் உயரத்தில்,
ஏறவும் முடியாமல் விழவும் மனசில்லாமல்.

பதினாலாம் நாள் ராத்திரி, கடை மூடும் நேரம்,
விழ ஆரம்பித்தது.
முதல் ஐந்து நிமிஷம்
எது பூச்சி எது பனி என்று தெரியவில்லை.
கியான் வந்தான்.
வண்டி நன்றாகத்தான் ஓடுகிறதாம்.
"இதை மாட்ட ஒரு பூச்சி இருக்கிறதே,
கழற்ற எதைப் பார்க்க வேண்டும்?"

ஏப்ரல் என்று சொல்லப் போனேன். வாயில் நின்றுவிட்டது.
ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனேன்.
வெந்நீர்க் குழாய் வெளியே வருகிற இடம்,
ஓட்டை வாளி, உடைந்த தள்ளுவண்டி.
"இங்கேதான் முதலில் உருகும்.
கட்டைவிரல் மாதிரிப் பச்சையாக
ஒரு மொட்டு தலைநீட்டும். அன்றைக்கு வா."

"எங்கே?"
"இங்கே."
கைபேசி வெளிச்சத்தை அடித்தான்.
ஒன்றுமில்லை, சரளைக்கல்.
அதன்மேல் பனி விழுந்து விழுந்து
உருகிக்கொண்டிருந்தது.
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்,
உருகுவது நிற்கும் வரை.