மசீரா, இரண்டாம் இரவு

ஹமூத் அடித்த முளைகளை எல்லாம்
மணல் திருப்பித் தந்தது,
கடன் வாங்கிப் பழகாதவன்போல.

காலி பாஸ்மதிப் பைகளில்
அதே மணலை அள்ளி நிரப்பி
கயிறு கட்டி
முழங்கை ஆழத்தில் புதைத்தாள் ஷம்ஸா.
நின்றது கூடாரம்.

விரிப்பின் அடியில்
இடுப்புக்கு ஒரு குழி, தோளுக்கு ஒன்று.
"வீட்டு மெத்தைக்கு
இவ்வளவு அறிவு கிடையாது" என்றான்,
தூங்கிப்போனான்.

நடுச்சாமம்.
ஒரு மூலை சரிந்து முகத்தில் விழுந்தது.
வெளியே மூச்சு,
கனத்த, வயதான மூச்சு.
டார்ச்சைத் தேடிய அவன் கையை
அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பையைத் தோண்டி எறிந்துவிட்டு
அந்தக் குழியையே எடுத்துக்கொண்டிருந்தது
ஆமை.

துணிமேல் வாரி வாரி விழுந்தது மணல்.
ஹமூதுக்குத் தும்மல் வந்தது.
கடைசி முட்டைவரை
அடக்கிக்கொண்டு கிடந்தான்.