அரைப் புள்ளி

ஹமில்டன், பார்ட்டன் தெரு, படைவீரர் மண்டபம்.
பெப்ரவரி வியாழன்.
வெளியே உப்புத் தூவிய பனி,
உள்ளே பொரித்த கோழிச் செட்டையின் புகை.
எங்கள் மேசைக்குப் பெயர் கேட்டார்கள்.
'கடைசி பஸ்' என்று டெஸ்மன் எழுதிக் கொடுத்தான்.
நாலு பேரும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்கள்.
விடிய ஐந்துக்கு எழும்ப வேண்டும்.
ஆனால் முதற்பரிசு ஒரு மைக்ரோவேவ்,
டிப்போவில் இருந்தது தீபாவளிக்கு முன்பே செத்துப்போயிற்று.

கேள்வி கேட்பவள் பெவர்லி.
உருகும் ஐஸ்கிரீமைப் போல
ஒலிவாங்கியை உதட்டோடு பிடிப்பாள்.
டைட்டானிக் தாண்ட ஆண்டு கேட்டாள்.
அது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.
பேப் ரூத்தின் முதல் தொழில்முறை ஹோம் ரன்
டொராண்டோவில் எந்தத் தீவில் என்றாள்.
மண்டபமெங்கும் பென்சில்கள் உரசின.
தீவென்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.
யோகமலர் அதையே எழுதினாள்.
எங்கள் தாளைத் திருத்திய பக்கத்து மேசைக்காரர்
சிரித்துச் சிரித்து
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு,
கோமகாட்டா மாரு,
வான்கூவர் துறையில் எத்தனை பேர்?
முந்நூற்று எழுபத்தாறு.
டெஸ்மன் அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.
அவனும் ஒரு கப்பலில் வந்தவன்.
அதைப் பற்றிய அட்டை
பெவர்லியின் பெட்டியில் இல்லை.

பிறகு ஏழாவது.
"1907, பாஸ்டன் மரதன்.
வென்றவர் டாம் லாங்போட்,
இங்கிருந்து கூப்பிடு தூரத்துப் பூர்வகுடிப் பிள்ளை.
அன்று பின்னால் ஓடி வந்தவர்களை
வழிமறித்தது எது?"
பனி, என்றான் டெஸ்மன்.
பொலிஸ், என்றாள் யோகமலர்.
மாடு, என்றான் நிருத்தன், பியர் நுரையோடு.
நான் பென்சிலைப் பறித்து 'ரயில்' என்று எழுதினேன்.

எங்கும் படித்ததில்லை.
ஒவ்வொரு கடவையிலும் பஸ்ஸை நிறுத்தி
ரேடியோவை அணைத்து
கதவைத் திறந்து
காது கொடுக்க வேண்டும், அது சட்டம்.
பன்னிரண்டு வருடமாக
வராத ரயில்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முன்னால் ஓடிய சிலர் தண்டவாளத்தைக் கடந்துவிட்டார்கள்.
மற்றவர்கள் நின்றார்கள்.
கால் குளிர்ந்துபோகாமல் நின்ற இடத்திலேயே துள்ளி,
வாயில் புகை விட்டு,
பெட்டி பெட்டியாக எண்ணியிருப்பார்கள்.
அவர்களில் ஒருத்தனுக்கு
அன்று காற்றைப் போலக் கால் இருந்திருக்கலாம்.
அவன் பெயரை யாரும் கேள்வியாய்க் கேட்பதில்லை.

என் தங்கைக்கு இருபது நடந்தது.
இருபத்திரண்டுக்குக் கீழ் என்றால்
பெற்றோரோடு வரலாம் என்றிருந்தார்கள்.
பத்தொன்பதுக்குக் கீழ் என்று மாற்றினார்கள்.
அப்பாவின் படிவம் அப்போது
மேசையில் இருந்தது,
கையொப்பம் காயாமல்.

"சரக்கு ரயில்," அட்டையைப் பார்த்து வாசித்தாள் பெவர்லி.
வெறும் ரயிலுக்கு அரைப் புள்ளி.
யோகமலர் எழும்பிவிட்டாள்:
"நிற்கிறவனுக்கு உள்ளே என்ன இருந்தால் என்ன?"
பெவர்லி பாவப்பட்டாள், புள்ளி தரவில்லை.
தந்திருந்தாலும் நாங்கள் ஆறாமிடம்தான்.
மைக்ரோவேவ் தீயணைப்புக்காரரின் மேசைக்குப் போனது,
அவர்களிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கிறதாம்.

காருக்குள் கண்ணாடிப் பனி கரையும்வரை
சாவகச்சேரிக்கு எடுத்தேன்.
இங்கே இரவு பத்தரை, அங்கே காலை ஒன்பது.
பின்னால் பிரஷர் குக்கர் விசிலடித்தது.
ஹலோ சொல்லாமல் கேள்வியைக் கேட்டேன்,
பெவர்லி கேட்டமாதிரியே.
அவள் யோசிக்கக்கூட இல்லை.
"சாமான் கோச்சியாத்தான் இருக்கும்,
அதுதானே முடியவே முடியாது," என்றாள்.
"சரியோ?"

முழுப் புள்ளி என்றேன்.
"என்ன பரிசு?"
வைப்பர் ஒருதரம் போய் வந்தது.
அவள் அடுப்பை அணைக்கப் போனாள்,
தொலைபேசியை வைக்காமல்.