கட்டைவிரல் இருந்த இடம்

பழைய விளையாட்டு.
கப்பல் ஓட்டுவது, மீன் பிடிப்பது,
புயலில் மூழ்காமல் கரை வந்தால் காசு.
செய்தவர்கள் கடையை மூடிப் பல வருடம் ஆயிற்று.
கடல் இன்னும் ஓடுகிறது.
கப்பல்கள்தான் சகிக்கவில்லை,
நேற்று வாங்கிய பிளாஸ்டிக் வாளி போல
ஒரு கீறல்கூட இல்லாமல்.

பகலில் நான் கிளைப்பெடாவில்
மீன் டப்பாவுக்கு லேபிள் அச்சடிக்கிறவள்.
ஹெர்ரிங்கின் வெள்ளியில் எவ்வளவு சாம்பல், எவ்வளவு நீலம்
என்பதற்கு எனக்குச் சம்பளம்.
இரவில் துரு வரைகிறேன்.
அதற்கு இல்லை.

முதலில் கோப்பை மாற்ற வேண்டும்.
விளையாட்டு தின்னும் வடிவத்துக்குள் தூரிகை நுழையாது.
தூரிகை தொடும் வடிவத்தை விளையாட்டு தின்னாது.
மாற்று, திற, தீட்டு, மறுபடி மாற்று.
திறந்தால் கப்பல் தோலுரித்துக் கிடக்கிறது:
அணியம் ஒரு மூலையில், சுக்கான் வேறெங்கோ,
நடுவில் பாதி ஏணி, தலைகீழாய் ஒரு நங்கூரம்.
நண்டு தின்று முடித்த தட்டு.

அகலம் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு புள்ளி.
அழகாக இரண்டாயிரம் என்று கொடுத்துப் பார்த்தேன்.
கப்பல் வரவில்லை.
ஊதாவும் கறுப்புமாய்க் கட்டம் போட்ட ஏதோ ஒன்று
அலைமேல் ஏறி இறங்கிப் போயிற்று,
மாலுமி மட்டும் அதில் நேராக நின்றபடி.

ஆல்ஃபாவை மறந்து சேமித்த இரவு
வலையெல்லாம் கறுப்புச் சுவர்.
ஓட்டையையும் யாராவது உட்கார்ந்து வரைந்தாக வேண்டும்.

ரிம்விதாஸ் ஸ்மில்டினே படகில் கயிறு பிடிப்பவன்.
என் முதல் துருவைப் பார்த்து
"இது சாக்லேட்" என்றான்.
துரு கண்ட இடத்தில் பிறக்காதாம்.
ஆணித் தலையில், பற்றவைத்த தையலில்,
சங்கிலி உரசும் உதட்டில் பிறந்து
கீழே ஒழுகுமாம்.
பக்கவாட்டில் ஒழுகாதாம்,
காற்று என்ன குதி குதித்தாலும்.

மறுநாள் நாற்பத்தொரு படம் அனுப்பினான்.
பிப்ரவரி வெளிச்சம், ஈர இரும்பு,
எல்லாவற்றிலும் இடது கீழ் மூலையில்
அவன் கட்டைவிரல்.
கையுறையின் நுனியை வெட்டியிருக்கிறான்,
நகத்தில் கிரீஸ்.

பக்கத்துத் துருவை எடுத்து விரலின்மேல் ஒட்டினேன்.
நாற்பது தடவை.
கெஃபிர் புளித்துப் போனது,
ஜன்னலில் பனி ஏறி இறங்கியது.

பிறகு மேடுபள்ளத்துக்கென்று தனிப்படம்,
முழுக்க ஊதாநீலம்.
அதைக் கண்ணுக்குக் காட்டுவதில்லை, வெளிச்சத்துக்கு மட்டும்.
அதில் பச்சையை மட்டும் தலைகீழாக்க மறந்துவிட்டேன்.
உப்ப வேண்டியதெல்லாம் குழிந்து
கப்பல் முகமெல்லாம் அம்மைத் தழும்பு,
சூரியன் கடலுக்கடியில் இருந்தது போல.
மணி மூன்று. சிரிப்பு வந்தது.
மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

சுருக்கும்போது நாலுக்கு நாலாய் வெட்டுகிறது.
பதினாறு புள்ளிக்கு இரண்டு நிறம்தான் நினைவில் வைக்கிறது,
மிச்சத்தை ஊகிக்கிறது,
மீட்டர் பார்க்காமலே பில் போடும் மின்வாரியம்போல.
என்ன, இது பெரும்பாலும் சரியாக ஊகிக்கிறது.

தூரத்துக்குச் சின்னப் படங்கள் வேண்டும்.
பாதி, அதில் பாதி, அதிலும் பாதி,
கடைசியில் ஒரே ஒரு புள்ளி:
அடிவானத்தில் கப்பல் அவ்வளவுதான்.
அதைத் திரை நிறையப் பெரிதாக்கினேன்.
நாற்பத்தொரு காலையும் என் இரவுகளும் சேர்ந்து
ஒரு நிறம்.
எங்கள் அச்சகத்தில் அதன் பெயர்
தக்காளிச் சாற்றில் மத்தி.

நாற்பத்தொன்றாவது விரலை அழிக்கவில்லை.
நீர்க்கோட்டுக்குக் கீழே, சுக்கானுக்குப் பின்னால்
முழு அளவுப் படத்தில் மட்டும் வைத்தேன்.
ஓரடி தள்ளினால் துரு.
பார்க்க வேண்டுமானால் கப்பல் கவிழ வேண்டும்,
கவிழ்ந்தவன் மூச்சடக்கிக் கிட்டே வர வேண்டும்.

ரிம்விதாஸ் ஓட்டிப் பார்த்தான்.
புயலில் ஒரு தடவைகூடக் கவிழவில்லை, பாவி.
"துரு சரி" என்றான். "உப்புக் கறை போதாது.
படம் எடுத்து அனுப்பட்டுமா?"

அனுப்பு என்றேன்.
மூலையில் விரல் படாமல் எடு
என்று வாய்வரை வந்ததை
அப்படியே விட்டுவிட்டேன்.