மரியாதைப் பன்மை

நீதிமன்றத்தில் குளிர் அதிகம்.
கோட்டுக்குள் ஒரு கம்பளிச் சட்டை
எப்போதும் போட்டிருப்பேன்.

இன்றைக்கு நீதிபதி பெண்.
அரசுத் தரப்பில் திருவாட்டி கோ, ஏழு மாதம்,
மேசையைப் பிடித்துத்தான் எழுகிறார்.
வாக்குமூலம் எடுத்த சார்ஜண்ட் ரஃபிதா
பின்வரிசையில் கொட்டாவியை மென்றுகொண்டிருக்கிறார்.
குற்றவாளிக் கூண்டில் சுகிர்தா.
சாட்சிக் கூண்டில் பூங்காவனம்.
இத்தனை பெண்கள் ஓரறையில் கூடி
வளைகாப்பில்தான் பார்த்திருக்கிறேன்.

இருவருக்கும் நானே வாய்.
அவர்கள் 'நான்' என்றால்
நானும் 'நான்' என்றே சொல்லவேண்டும்.
பதினாறு வருடத்தில் இந்த வாயால்
திருடியிருக்கிறேன். கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
புருஷனைக் குத்தியிருக்கிறேன்,
குத்துப்பட்டும் இருக்கிறேன்.
ஒரு மணிக்கு மீ கோரிங் சாப்பிட்டிருக்கிறேன்.

"அம்மா அடிச்சாங்க" என்றாள் பூங்காவனம்.

எத்தனை பேர் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.
"ஒருத்தவங்கதான்."
பிறகேன் 'அடிச்சாங்க'?
கேட்டது நான்தான் என்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.
"சம்பளம் குடுக்கிறவங்கள
அடிச்சான்னா சொல்லுவாங்க?"

ஆங்கிலத்தில் இருப்பது ஒற்றை 'ஷி'.
அவள் நாற்காலி போட்டு உட்கார வைத்தவரை
வாக்கியத்துக்கு வாக்கியம்
நான் தரையில் இறக்கினேன்.

"ஹேங்கர் முறிஞ்சுபோச்சு.
இன்னொண்ணு எடுத்தாரச் சொன்னாங்க.
எடுத்தாந்து குடுத்தேன்."

இதை மொழிபெயர்ப்பது சுலபம்.
கடினச் சொல் ஒன்றுமில்லை.

மறுநாள் மேடம் களிம்பு தந்தாரல்லவா,
அப்போது நீ என்ன சொன்னாய்?
"பரவாயில்லைங்கம்மான்னேன்."
வாய் முந்திக்கொண்டது: இட்ஸ் ஓகே.
வக்கீலின் பேனா ஓடியது.

கையை உயர்த்தினேன்.
மாண்புமிகு நீதிபதி அவர்களே,
மொழிபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் சொல்ல அனுமதி வேண்டும்.
இந்தச் சொல்லை நாங்கள்
பஸ் போய்விட்டாலும் சொல்வோம், பல் போனாலும் சொல்வோம்.
வலிக்கவில்லை என்பது
இதன் பொருளில் சேராது.
நீதிபதி எதையோ எழுதினார்.
எழுத அதிக நேரம் ஆகவில்லை.

பிற்பகல் சுகிர்தாவின் வாய்.
சாங்கி சரக்குக் கூடத்தில் இரவு வேலை எனக்கு.
படுத்த படுக்கையாய் மாமியார்.
நான் தூங்கி நாலு நாளாகியிருந்தது.
நான் கையே ஓங்கவில்லை.
அவள் கண்ணில் நீர் வந்தது.
என் கண்ணில் வரக்கூடாது, வரவில்லை.

திருவாட்டி கோ மேசையைப் பிடித்து எழுந்தார்.
மூன்றாம் கேள்வியில்
சுகிர்தா கூண்டின் விளிம்பைப் பார்த்துச் சொன்னாள்:
"கை நீண்டுடுச்சு மேடம்."

தமிழில் அது கையின் குற்றம்.
செடி வளர்ந்ததுபோல, மழை வந்ததுபோல
கை தானே நீண்டுவிட்டது.
ஆங்கிலம் விடாது, ஆள் கேட்கும்.
எல்லோரும் என் வாயைப் பார்த்திருந்தார்கள்.

அவளை அடித்தது நான்தான், என்றேன்.

என் குரல்
ஒலிபெருக்கியில் அவ்வளவு தெளிவாக
முன்பு கேட்டதில்லை.
சார்ஜண்ட் ரஃபிதா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஈசூனில் பதினோராம் மாடி.
கதவைத் திறந்தாள் நாங் மூ,
எங்கள் வீட்டு வேலைக்கு வந்து ஐந்து வருடம்.
கட்டைவிரலில் சுற்றிய டிஷ்யூ
பாதி சிவந்திருந்தது.
என்ன ஆச்சு?
"ஓகே மேடம்."

ஒரு செருப்பைக் கழற்றியிருந்தேன்,
மற்றது காலில்.
ஷான் மொழியில் பரவாயில்லைக்கு என்ன சொல்வார்கள்?
கேட்டதே இல்லை.

"ஓகே மேடம், ஓகே," என்று
என் பையை வாங்கிக்கொள்ள
அந்தக் கையையே நீட்டினாள்.