மின்கட்டண ரசீதின் பின்பக்கம்

நாளை ஒன்பதரைக்கு டாக்டர் நாத்தேலா.
பன்னிரண்டு நிமிடம்தான் தருவாராம்,
வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள்.
பன்னிரண்டு நிமிடத்தில்
குத்தாயிசியில் என் மினிபஸ்
ரியோனிப் பாலத்தைக்கூடத் தாண்டாது.

அதனால் எழுதி வைக்கிறேன்,
கொட்டை எழுத்தில்.
என் எழுத்தை நானே வாசிக்க வேண்டுமே.

எப்போது தொடங்கியது?
திராட்சை அறுப்புக்கு முன் என்று எழுதி
அடித்துவிட்டு
போன பனிக்காலம் என்று எழுதுகிறேன்.
சியாலா குறுக்கிடுகிறாள்:
அதற்கும் முந்தைய ஈஸ்டரில்
பக்கத்திலிருந்த ஒயின் குவளையைத் தட்டிவிட்டாயே,
போதை என்று நினைத்தோம்.

போதை இல்லை, சியாலா.
அன்று அங்கே குவளை இல்லை.

எந்தக் கண்?
சமையலறை ஓடுகளுக்கு எதிரே நின்று
ஒவ்வொன்றாகப் பொத்திப் பார்க்கிறேன்.
கோடுகள் நெளியவில்லை. நல்லதாம்.
நெளிந்தால் விழித்திரையின் நடுவில் கோளாறு என்று
அவள் அக்காவுக்குச் சொன்னார்கள்.
விளக்கைச் சுற்றி வளையம்?
எதிரே வரும் லாரிக்கெல்லாம்
நிலா கோட்டை கட்டியதுபோலத் தெரிகிறது.
புரையாகவும் இருக்கலாம்.
புரை என்றால் தெருவுக்கே விருந்து வைப்பேன்,
எடுத்துவிட்டு வில்லை வைத்து
வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சர்க்கரை: ஆறு வருடம்.
கடைசிப் பரிசோதனை...
பேனா நிற்கிறது.
சியாலா மாத்திரைப் புட்டியைக் குலுக்குகிறாள்.
இவ்வளவு மிச்சம் இருக்கக் கூடாத சத்தம்.
அதையும் எழுது என்கிறாள்.
எழுதுகிறேன்.

குடும்பத்தில் யாருக்காவது?
அப்பாவுக்கு.
வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம்.
அப்போது அவருக்கு ஐம்பத்து நாலு.
கண்ணழுத்தம் என்ற சொல்
எங்கள் வாசலுக்கு வந்ததே இல்லை.
கதவு நிலைதான் தினமும் வந்து
அவர் தோளில் இடித்தது.

வலி? இல்லை.
பல் என்றால் ஊரைக் கூட்டும்.
இது ஓர அறைகளிலிருந்து
ஒவ்வொரு சாமானாகக் கொண்டுபோகிற திருடன்.
கூடம் அப்படியே இருப்பதால்
வீடு நிறைந்திருப்பதாகவே படுகிறது.

போனது திரும்புமா?
திரும்பாதென்றால், இருப்பது நிற்குமா?
சொட்டு மருந்து எத்தனை வேளை, என்ன விலை?
தங்கைக்கும் பார்க்க வேண்டுமா?

சியாலா படுக்கப் போய்விட்டாள்.
இன்னும் ஒரு கேள்வி.

செவ்வாய்க்கிழமை, ஓனி சாலை, இரண்டாம் வளைவு.
வலப்பக்கம் ஒரு பசு முளைத்தது.
நடந்து வரவில்லை.
முளைத்தது.
பின்னால் பதினாறு பேர்,
ஒருத்தி மடியில் கோழிக்கூடை.
பிரேக் பிடித்தது.
"கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டுகிறான்
நம் நுக்சார்" என்று
யாரோ என் தோளைத் தட்டினார்கள்.
சிரித்து வைத்தேன்.

பேனாவை மூடுகிறேன். திறக்கிறேன்.
பின்பக்கத்தில் இடமில்லை.
தாளைத் திருப்பி
கட்ட வேண்டிய தொகையின் மேலேயே எழுதுகிறேன்:

நான் இனி ஓட்டலாமா?